கடைசி ரீலுக்கு முன்னால் எழுந்தவர்கள்

வயிற்றுவலி வந்தவன்போல் நடிப்பது லேசான காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் அடிக்கிற வயதில் அது எல்லோருக்கும் கைவந்த கலை. மீசை முளைத்து, கந்தோரில் உத்தியோகம் பார்க்கிற வயதில், ஆட்கள் நிறைந்த தியேட்டரின் நடுவில் இருந்துகொண்டு "ஐயோ அம்மா" என்று முனகுவதற்கு வேறு வகையான துணிச்சல் வேண்டும்.

எனக்கு அன்று அந்தத் துணிச்சல் வந்தது. மாட்னி ஷோ. தகரக் கூரை வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. கச்சான் கடலைத் தோலும் வியர்வையும் சுருட்டுப் புகையும் கலந்த மணம். திரையில் ஓர் அண்ணனும் தம்பியும் ஆற்றங்கரையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். தம்பி லேசாக இருமினான்.

அந்த இருமலைக் கேட்டதும் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தேன்.

முன்வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்து, "தம்பி, சாகிறதெண்டால் வெளியில போய்ச் சாவும். படம் பாக்க விடும்" என்றார். பாவம், அவருக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியாது.

பக்கத்தில் இருந்த என் மூத்த அண்ணன் திரையை விட்டுக் கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். அவர் பெயர் இராசரத்தினம். எங்களுக்கு இராசண்ணை.

"என்னடா சிவம்?"

"வயித்துக்க குத்துது அண்ணை. இருக்க ஏலாது."

அவர் என் கமக்கட்டுக்குள் கையைக் கொடுத்து என்னைத் தூக்கி நிறுத்தினார். எனக்கு மற்றப் பக்கத்தில் இருந்த இரண்டாவது அண்ணன் மணியண்ணையும் எழுந்தார். இருட்டில் மற்றவர்களின் கால்களை மிதித்து, வாங்க வேண்டிய ஏச்செல்லாம் வாங்கி, மூவரும் வெளியே வந்தோம். எதிர்க்கடையில் இராசண்ணை எனக்கு இஞ்சிச் சோடா வாங்கித் தந்தார். ஒரு வருத்தமும் இல்லாத நான் அதைக் குடித்து, ஏப்பம் விட்டு, "இப்ப கொஞ்சம் சுகம்" என்றேன். மணியண்ணை என் முதுகைத் தடவினார். உள்ளே படம் முடிந்து சனம் வெளியே வரும்வரை அந்தக் கடையை விட்டு நாங்கள் அசையவில்லை.

எழுதாமல் விட்டது

துறைமுகத்துக் கப்பல்களையும் கந்தோர்க் கூத்துகளையும் வாரா வாரம் இந்தப் பத்தியில் எழுதிக்கொண்டு போகிறீர்கள், உங்கள் அண்ணன்மாரைப் பற்றி ஒரு வரியும் இல்லையே என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அண்ணன்மாரைப் பற்றி எழுதத் தொடங்கினால் கண்ணனைப் பற்றியும் எழுத வேண்டி வரும். அதனால்தான் இவ்வளவு வாரமாகக் கப்பல்களைக் காட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் நாலு பேர். இராசண்ணை, மணியண்ணை, நான், கடைக்குட்டி கண்ணன். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட, இராசண்ணைதான் எங்களை ஆளாக்கினார். டொக்யார்டில் சின்னப் படகுகளில் வேலை. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "முதலில இவங்கள் ஒரு கரைக்கு வரட்டும்" என்று தள்ளிப்போட்டார். மணியண்ணை ஓர் இரும்புக் கடையில் கணக்குப் பார்த்தார். சமைத்துப் போட அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, வீட்டோடு வந்து இருந்தா.

வீடு ஓர்ஸ்ஹில் குன்றுச் சரிவில். பின்பக்கம் போய் நின்றால் உட்துறைமுகத்தின் ஒரு துண்டு தெரியும். வெள்ளைக்கார நேவி போய், துறைமுகம் பாதி வெறிச்சோடிக் கிடந்த காலம் அது.

கண்ணன் சோதனை எழுதிவிட்டு, பாஸா பெயிலா என்று மறுமொழி வரும்வரை சும்மா இருந்தான். சும்மா இருப்பது என்றால் அவனுக்கு என்னவென்று தெரியாது. குளித்துவிட்டு ஈரத் துவாயை யாருடைய கதிரையிலாவது போடுவான். அதில் நாங்கள் இருந்து எழும்பி, பின்பக்கம் ஈரமாக ரோட்டில் போவோம். எத்தனை முறை அடித்திருக்கிறேன்.

வாடைக்காற்று ஓய்கிற பருவம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இராசண்ணையும் கண்ணனும் வள்ளத்தில் கொட்டியாரக் குடாவுக்குத் தூண்டில் போடப் போனார்கள். ஓய்ந்ததென்று நினைத்த காற்று ஓயவில்லை. வள்ளம் கவிழ்ந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் மூதூருக்கு ஆள் ஏற்றிப் போன லாஞ்சுதான் அவர்களைக் கண்டது. இராசண்ணை ஒரு கையால் கவிழ்ந்த வள்ளத்தையும் மற்றக் கையால் கண்ணனையும் பிடித்தபடி கிடந்தார். கண்ணன் போய்விட்டிருந்தான்.

லாஞ்சில் இருந்தவர்கள் அந்தக் கையைப் பிரிக்கப் பட்ட பாட்டை அதில் வந்த மணியண்ணையின் கூட்டாளி அன்சார் எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். பிறகு நாங்கள் கேட்கவுமில்லை.

கத்தியில்லாத குசினி

கொள்ளி வைத்தது இராசண்ணை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் அவர்தான் செய்தார். அழவில்லை. வந்தவர்களைக் கும்பிட்டு அனுப்பினார். பிறகு தன் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, கடல் தெரியாதபடி இருந்துவிட்டார். வேலைக்குப் போகவில்லை. தந்தால் சாப்பிடுவார். தராவிட்டால் கேட்கமாட்டார்.

ஒரு நாள் காலையில் மணியண்ணை முகம் வெளுத்துப்போய் என்னிடம் வந்தார்.

"டேய் சிவம், அண்ணை என்ன சொன்னவர் தெரியுமோ? 'மணி, நீங்கள் ரெண்டு பேரும் உழைக்கிறியள்தானே, இனி நான் இல்லாட்டியும் பரவாயில்லை' எண்டார். சோறு போதும் எண்டு சொல்லுற மாதிரிச் சொன்னார்."

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே வேலை, இராசண்ணையைக் காவல் காப்பது. ஒருவர் வேலைக்குப் போனால் மற்றவர் லீவு. வீட்டில் இருந்த கத்தி, அருவாள், கயிறு எல்லாவற்றையும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். கிணற்றுக் கயிறும் போனது. தண்ணீர் அள்ளப் பக்கத்து வளவுக்குப் போனோம். மாமி பூசணிக்காயைத் தூக்கிச் சீமெந்துத் தரையில் போட்டு உடைத்துக் கறி வைத்தா. கக்கூசுக் கதவின் கொண்டியையும் மணியண்ணை கழற்றிவிட்டதால், உள்ளே போகிறவர்கள் வெளியே வரும்வரை இருமிக்கொண்டே இருக்க வேண்டும்.

"செத்தவன் ஒருத்தன். அதுக்காக இருக்கிறவளை இருமிச் சாகச் சொல்லுறியளோ?" என்று மாமி கத்தினா.

இதையெல்லாம் இராசண்ணை கவனிக்கவில்லை என்று நாங்கள் நினைத்தோம். ஒரு நாள் அவர் சுவரைப் பார்த்தபடியே, "உடுத்திருக்கிற இந்தச் சாரத்தையும் கழட்டித் தரட்டோ?" என்று கேட்டார். மணியண்ணைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நான் பின்பக்கம் போய் அழுதேன்.

முடிவு பார்க்காத மனிதன்

இந்த இடத்தில் அன்சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூதூர்க்காரன். மணியண்ணையோடு பள்ளிக்கூடத்திலிருந்து மச்சான் முறை கொண்டாடுகிறவன். அவனுடைய வேலை படப்பெட்டி காவுவது.

அந்தக் காலத்தில் படத்தின் ஒரு பிரதிதான் வரும். எங்கள் தியேட்டரும் மூதூரில் இருந்த ஒரு கொட்டகையும் அந்த ஒன்றைப் பங்குபோட்டு ஓட்டின. இங்கே மாட்னியில் இடைவேளை விட்டதும், ஓடி முடிந்த ரீல்களை அன்சார் தகரப் பெட்டிகளில் தூக்கிக்கொண்டு ஓடி, லாஞ்சில் ஏற்றிக் குடாவைத் தாண்டுவான். அங்கே முன்னிரவு ஷோ தொடங்கும். மிச்ச ரீல்களைப் பின்னால் வருகிற லாஞ்சில் வேறொருவன் கொண்டுவருவான். அதற்குள் அன்சார் வீட்டில் நித்திரை. விடிய முதல் லாஞ்சில் எல்லாப் பெட்டிகளையும் திருப்பி இங்கே கொண்டுவர வேண்டுமே.

அதாவது, அன்சார் பார்க்காத படம் இல்லை. முடிவு வரை பார்த்த படமும் இல்லை. இடைவேளைக்கு முன்னால் எந்தப் படத்திலும் பெரிய கஷ்டம் வருவதில்லை என்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். அன்சாரின் உலகத்தில் எல்லாப் படமும் சிரிப்புப் படம். எல்லோரும் பாடுவார்கள், கல்யாணம் பேசுவார்கள், இடைவேளை மணி அடிக்கும்.

இராசண்ணை நிலைமையைக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "மச்சான், புதுசா ஒரு படம் வந்திருக்கு. அண்ணன் தம்பி ரெண்டு பேர். அல்லாஹ்மேல ஆணை, சிரிச்சு வயிறு புண்ணாப் போகும். உங்கட மூத்த காக்காவைக் கூட்டிட்டுப் போ. கல்லும் சிரிக்கும்."

எங்களுக்கும் வேறு வழி தோன்றவில்லை. மாமி மட்டும் வாசலை மறித்து நின்றா.

"முப்பத்தொண்டாம் நாள் கழியேல்லை, வீட்டில சாவுத் துடக்கு. கோயில் வாசல் மிதிக்கேலாத ஆக்கள் தியேட்டர் வாசல் மிதிக்கலாமோ? ஊர் என்ன கதைக்கும்?"

"கோயிலுக்குப் போகேலாது எண்டபடியால்தான் மாமி தியேட்டருக்குப் போறம்" என்றார் மணியண்ணை. மாமி வாசலை விட்டு விலகினா. ஊர் விலகவில்லை. நாங்கள் உள்ளே நுழைந்தபோது தெரிந்தவர்கள் எங்களைப் பார்த்த பார்வை இப்போதும் முதுகில் இருக்கிறது.

சவப்பெட்டிக் கடை

படம் தொடங்கியதும் மணியண்ணை என் தொடையை இறுக்கிப் பிடித்தார்.

திரையில் வரிசையாகச் சவப்பெட்டிகள். அந்த அண்ணனும் தம்பியும் நடத்துவது சவப்பெட்டிக் கடை. தகப்பன் விட்டுப்போன தொழில். அந்த ஊரிலோ ஒருவரும் சாகிறார்கள் இல்லை. வியாபாரம் இல்லாமல் இருவரும் பட்டினி. கிழவர் ஒருவர் தும்மினால் அண்ணன் அளவு நாடாவோடு ஓடுகிறான். கிழவர் சுகமாகி எழும்பினால் தம்பி தலையில் கை வைக்கிறான். இதுதான் கதை.

அன்சாரைக் கையில் கிடைத்தால் கொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வீட்டில் கத்தியும் இல்லை.

வெக்கை தாங்காமல் தம்பி ஒரு பெட்டிக்குள் படுத்து நித்திரை கொள்கிறான். வெளியூர் வாடிக்கையாளர் வந்து மூடியைத் திறக்கிறார். தம்பி கண்ணை விழித்து, "இது ஆள் இருக்கிற பெட்டி, பக்கத்துப் பெட்டியைப் பாருங்கள்" என்கிறான். சிரிப்பில் தியேட்டர் இடிந்தது.

என் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. தொண்டையில் ஏதோ அடைத்ததுபோல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். இராசண்ணை சிரித்திருந்தார். ஒரே ஒரு தடவை. பிறகு அதைக் கையால் துடைப்பதுபோல் வாயைத் துடைத்துக்கொண்டார்.

இடைவேளையில் அன்சார் பெட்டிகளோடு ஓடிவிட்டான். ரிக்கற் கிழிக்கிறவரிடம் மணியண்ணை சந்தோஷமாகக் கதை கொடுத்தார். அவரோ, "கண் துடைக்க லேஞ்சி கொண்டந்தனீங்களோ தம்பி? கடைசி ரீலில தம்பிக்காரன் தமையன்ர மடியில சாவான். தன்ர பெட்டியைத் தானே செய்துபோட்டுச் சாவான். நேற்று ஒரு மனிசி மயங்கி விழுந்திட்டுது" என்றார்.

அதன் பிறகுதான் எனக்கு வயிற்றுவலி வந்தது.

சாட்டுகள்

அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். அடுத்த நாள் காலையில் இராசண்ணை கதிரையிலிருந்து திரும்பி எங்களைப் பார்த்துக் கேட்டார்: "பின்னேரம் போவமே? முடிவைப் பார்க்கேல்லை."

கண்ணன் போனபின் அவர் வாயிலிருந்து வந்த முதல் விருப்பம் அது. சோறு வேண்டும் என்று கேட்காதவர், தண்ணீர் வேண்டும் என்று கேட்காதவர், பின்னேரம் வேண்டும் என்று கேட்கிறார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஓம் என்று எப்படிச் சொல்வது? தம்பி மடியில் கிடந்து சாவதைப் பார்த்துவிட்டு இந்த மனிதர் வீட்டுக்குத் திரும்பி வருவாரா?

குசினிக்குள் அடுப்படியில் நின்று நானும் மணியண்ணையும் குசுகுசுத்தோம். கூட்டிக்கொண்டு போவது, கடைசி ரீலுக்கு முன்னால் எப்படியாவது வெளியே இழுப்பது என்று முடிவானது.

விடிய பெட்டிகளோடு வந்த அன்சாரிடம் முடிவைச் சொன்னபோது அவன் அப்படியே வீதியோரக் கல்லில் இருந்துவிட்டான்.

"செத்துப் போறானா? அந்தப் பொடியனா?" விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். "அப்ப போன மாசம் ஓடின படத்துல, அந்தக் கண் தெரியாத புள்ள?"

"அவளும்தான்."

"அந்த டாக்குத்தர்?"

"அவரும்."

"என்ட அல்லாஹ்வே" என்று தலையில் கை வைத்தான். அவனுக்கு அன்று ஒரே நாளில் எத்தனையோ சாவு.

இரண்டாம் நாள் மணியண்ணை பெரிய திட்டம் போட்டார். அவசரச் செய்தி என்றால் தியேட்டர்காரர் கண்ணாடிச் சிலைட்டில் எழுதித் திரையில் காட்டுவார்கள். ஆற்றங்கரையும் இருமலும் வந்த நேரத்தில், திரையின் கீழே எழுத்து விழுந்தது: 'ஓர்ஸ்ஹில் இராசரத்தினம் உடனே வீட்டுக்கு வரவும்.' பதறிக்கொண்டு ஓடினோம். மாமி முற்றத்தைக் கூட்டிக்கொண்டு நின்றா.

"ஏன் இவ்வளவு வெள்ளன வாறியள்?"

மணியண்ணை கண்ணைக் காட்டினார். "மாமி, உங்களுக்கு நெஞ்சு நோகுதெண்டு செய்தி வந்ததே?"

"எனக்கோ? ஆரடா சொன்னது? எனக்கு ஒண்டும் நோகேல்லை. வாய்க்கு வந்தபடி ஊரெல்லாம் என்னைச் சாகக் கொடுக்கிறியளோ?"

சொல்லிவைக்க மறந்துவிட்டோம். இராசண்ணை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதிரையில் சுவரைப் பார்த்து இருந்தார்.

அவர் தேறிக்கொண்டு வந்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்படியில்லை. தியேட்டரில் இருக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அந்தச் சுவர்தான். ஒரு நாள் கொடியில் கிடந்த கண்ணனின் துவாயை எடுத்து, அது காய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனையோ நாளாகக் காய்ந்து கிடந்த துவாய். என்னைக் கண்டதும் திரும்பக் கொடியில் போட்டார். ஆனால் படம் தொடங்கும் நேரத்துக்கு முன்னால் முகம் கழுவி, சட்டை மாற்றி, வாசலில் வந்து நிற்பார். நேரம் பிந்திவிடும் என்று சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டார்.

அடுத்த முறை மணியண்ணையின் பங்கு. கடைசி ரீலுக்கு முன்னால், ஒன்றுக்குப் போவதாக எழுந்து, கலரிப் படியில் வழுக்கி விழுவதாக ஏற்பாடு. சொன்னபடியே விழுந்தார். "ஐயோ, கை!" என்று கத்தினார். அப்படியொரு நடிப்பை நான் திரையில்கூடக் கண்டதில்லை. பக்கத்தில் போய்க் குனிந்து, "நல்லாச் செய்யிறியள் அண்ணை" என்று காதுக்குள் சொன்னேன்.

"டேய் விசரா, உண்மையாய் முறிஞ்சு போச்சடா" என்றார். கண்ணில் தண்ணீர்.

இராசண்ணை அவரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். மாவுக்கட்டுப் போட்டு முடியும்வரை மர வாங்கில் பக்கத்திலேயே இருந்து மற்றக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் பொறடா, முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று அவர் சொன்னபோது அந்தப் பழைய குரலை நான் கேட்டேன். எங்களை வளர்த்த குரல்.

இன்றே கடைசி

சுவரொட்டிக்குக் குறுக்கே 'இன்றே கடைசி' என்று காகிதத் துண்டு ஒட்டினார்கள். மணியண்ணை கட்டிய கையோடு வீட்டில். நான் தனியாக இராசண்ணையோடு போனேன்.

காலையிலிருந்து யோசித்தும் வெளியே இழுக்க எனக்கு ஒரு சாட்டும் ஓடவில்லை. வயிற்றுவலி முடிந்தது, சிலைட் முடிந்தது, விழுந்து முறிந்தது. இருட்டுக்குள் இருந்து என் மூளையைப் பிசைந்தேன். ஆற்றங்கரை வந்தது. தம்பி இருமினான். கூட்டத்தில் யாராவது உண்மையாக மயங்கி விழமாட்டார்களா என்று வேண்டினேன்.

இராசண்ணை மெல்ல என் பக்கம் சரிந்தார்.

"என்ன, இண்டைக்குச் சாட்டு ஒண்டும் இல்லையோ?"

"அண்ணை..." என்றேன்.

"பரவாயில்லை. இரு. பாப்பம்."

கடைசி ரீல் ஓடியது. தம்பி தமையனின் மடியில் கிடந்தான். ஊரைப் பற்றிப் பேசினான், தகப்பனைப் பற்றிப் பேசினான், அடுத்த பிறவியைப் பற்றிப் பேசினான். பேசி முடிந்து பாடவும் தொடங்கினான். சுற்றிலும் மூக்குச் சிந்துகிற சத்தம். நான் திரையைப் பார்க்கவில்லை. இராசண்ணையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவ்வளவு கதைக்கேலாது சிவம்" என்றார்.

"என்னண்ணை?"

"சாகேக்க இவ்வளவு கதைக்கேலாது." அவர் கண் திரையில்தான் இருந்தது. "கண்ணன் கால் விறைக்குது எண்டான். பிறகு, லாஞ்சு வருதோ அண்ணை எண்டு கேட்டான். ஓம், வருது எண்டனான். எங்கை வந்தது? வெறுங்கடல். கொஞ்சத்தால பிறகும் கேட்டான். முனைக்கு அங்கால நிக்குது, இப்ப திரும்பும் எண்டனான். பிறகு கேக்க, எங்களைக் கண்டிட்டாங்கள், ஆரோ கை காட்டுறான் எண்டனான். ஒவ்வொருக்காலும் ஒரு புதுப் பொய். அதைக் கேக்கத்தான் அவன் கண்ணை முழிச்சவன்."

நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

"பிறகு எனக்குப் பொய் முடிஞ்சு போச்சு" என்றார்.

அப்போதுதான் அழுதார். தலையை முன்கதிரையின் முதுகில் வைத்து, உடம்பு குலுங்க அழுதார். நல்லவேளையாகத் தியேட்டர் முழுவதும் அழுதுகொண்டிருந்தது. யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கடல் பக்கத்திலிருந்து உப்புக் காற்று வந்தது. ஓர்ஸ்ஹில் ஏற்றத்தில் இருவரும் நடந்தோம். பாதி வழியில் கேட்டேன்.

"எப்ப தொடக்கம் தெரியும் அண்ணை?"

"முதல் நாளே. கச்சான்காரன் இடைவேளையிலேயே முடிவைச் சொல்லிப்போட்டான். உனக்கு உண்மையாய் வயித்துவலி எண்டால் சின்னனில இருந்து வாய் ஒரு பக்கம் கோணும். அண்டைக்குக் கோணேல்லை."

"பிறகேன் ஒவ்வொரு நாளும் வந்தனீங்கள்?"

அவர் நின்று மூச்சு வாங்கினார்.

"விடிய எழும்ப மனம் வராது, சிவம். ஏன் எழும்புவான் எண்டிருக்கும். குசினிக்குள்ள நீங்கள் ரெண்டு பேரும் குசுகுசுக்கிறது கேக்கும். இண்டைக்கு என்ன புளுகப் போறாங்கள், அதை ஒருக்காப் பாத்திட்டுப் போவம் எண்டு நினைச்சு எழும்புவன்."

பார்த்துவிட்டு எங்கே போவது என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

வீட்டுப் படலையில் கை வைத்தவர் திறக்காமல் நின்றார்.

"படம் முடிஞ்சுது" என்றார்.

"ஓம் அண்ணை."

"நாளைக்கும் ஏதாவது யோசி."

சொல்லிவிட்டு உள்ளே போனார். மணியண்ணை மாவுக்கட்டுக் கையோடு வாசலில் நின்று, என்ன நடந்தது என்று கண்ணால் கேட்டார். நான் அவருடைய நல்ல கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனேன்.